பெட்டி சொல்லும்வரை யாரும் நகர்வதில்லை

மளிகைக் கடைக் கல்லாவில் இருக்கும் சவுண்ட் பாக்ஸும், எதிரே நின்று ஸ்கேன் பண்ணும் வாடிக்கையாளரின் போனும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை. நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. புளூடூத் இல்லை, வைஃபை இல்லை, ஒன்றுக்கொன்று அறிமுகமே கிடையாது. ஆனாலும் போனில் பச்சை டிக் விழுந்த ஒன்றிரண்டு நொடியில் "நாற்பத்தைந்து ரூபாய் பெறப்பட்டது" என்று அந்தப் பெட்டி செய்தி வாசிக்கிற குரலில் சொல்லிவிடுவதால், ஸ்கேன் பண்ணுகிற அட்டைக்கும் பெட்டிக்கும் நடுவே ஏதோ ஒரு தொடர்பு இருப்பதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். தென்காசிப் பக்கம் கடை வைத்திருக்கும் எங்கள் சித்தப்பாவும் அப்படித்தான் நினைத்தார். அட்டையைப் பெட்டியின் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருந்தார். தள்ளி வைத்தால் சிக்னல் கிடைக்காதாம்.

நான் நெட்வொர்க் வேலையில் இருப்பவன். ஆபீஸில் நாள் முழுக்கப் பார்ப்பது ஒரே விஷயத்தைத்தான்: இங்கிருந்து அனுப்பியது அங்கே போனதா, போனது என்று இங்கே எப்படித் தெரியும். அனுப்புவது சுலபம். கம்பியிலோ காற்றிலோ ஒரு செய்தியைத் தள்ளிவிடுவதற்கு பெரிய மூளை வேண்டாம். போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்வதற்குத்தான் கடந்த ஐம்பது வருடமாக ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போய் சித்தப்பா கடையில் சாயங்காலக் கூட்டத்தில் உட்கார்ந்தால், நான் ஆபீஸில் பார்க்கும் அத்தனை கோளாறும் பருப்பு, எண்ணெய், சோப்பு வாங்க வருகிறவர்கள் ரூபத்தில் வந்து நிற்கிறது.

முதலில் அந்த க்யூஆர் அட்டை. சித்தப்பா அதை "ஸ்கேனர்" என்கிறார். ஊரே அப்படித்தான் சொல்கிறது. உண்மையில் அது எதையும் ஸ்கேன் பண்ணுவதில்லை, வெறும் அச்சடித்த காகிதம். அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களுக்குள் இருப்பது ஒரே ஒரு வரி எழுத்து: இந்தக் கடையின் யுபிஐ முகவரி இது, பெயர் இது என்று. 1994-ல் ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைப்பதற்காகச் செய்த விஷயம் இது. சாதாரண பார்கோடில் இருபது எழுத்து அளவுக்குத்தான் அடங்கும், ஒரு பெட்டிக்குப் பல பார்கோடு ஒட்ட வேண்டியிருந்தது, அதனால் இப்படி ஒரு சதுரத்தை யோசித்தார்கள். காப்புரிமை கையில் இருந்தும், விதிப்படி பயன்படுத்துகிறவர்களிடம் காசு கேட்பதில்லை என்று அந்த நிறுவனம் முடிவு செய்ததால்தான் அது நம் ஊர் பூக்கடை வரை வந்தது.

ஆயுத பூஜை அன்று சித்தப்பா தராசுக்கும் கல்லாப் பெட்டிக்கும் வைத்த மாதிரியே ஸ்கேனர் அட்டைக்கும் நடுவில் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். அப்புறமும் ஸ்கேன் ஆனது. அவருக்கு அது சரஸ்வதி கடாட்சம். எனக்கு ரீட்–சாலமன் கணக்கு. 1960-ல் இரண்டு கணிதக்காரர்கள் கண்டுபிடித்த முறை அது. செய்தியோடு கூடவே கொஞ்சம் உபரித் தகவலையும் கலந்து வைத்துவிட்டால், நடுவில் ஒரு பகுதி அழிந்தாலும் மிச்சத்தை வைத்து அழிந்ததைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். க்யூஆர் அட்டையை அச்சடிக்கும்போதே எவ்வளவு சேதம் தாங்க வேண்டும் என்று நான்கு நிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அதிகபட்ச நிலையில் சுமார் 30 சதவீதம் வரை தாங்கும். அட்டையின் நடுவில் கம்பெனிகள் தைரியமாக லோகோ போடுவதும் இதை நம்பித்தான். ஆனால் மூன்று மூலையிலும் இருக்கிற பெரிய சதுரங்கள் மேல் பொட்டு வைத்தால் வேலைக்கு ஆகாது. அட்டை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேமரா கண்டுபிடிப்பதே அவற்றை வைத்துத்தான். இதைச் சொன்னதும் அடுத்த வருடத்துக்கு சித்தப்பா இடம் குறித்துக்கொண்டார்.

சரி, ஸ்கேன் ஆன பிறகு என்ன நடக்கிறது? போன் அந்த முகவரியைத் தூக்கிக்கொண்டு தன் ஆப்பின் சர்வருக்குப் போகிறது. அந்த சர்வர், யுபிஐயை நடத்துகிற என்பிசிஐ நிறுவனத்தின் மையத்தைக் கேட்கிறது, அந்த மையம் கடைக்காரர் பக்கத்தைக் கேட்கிறது: இப்படி ஒரு முகவரி உண்டா? உண்டு, பெயர் இது. அந்தப் பதில்தான் பணம் அடிப்பதற்கு முன்பே திரையில் கடைப் பெயராகத் தெரிகிறது. தொகையைப் போட்டு பின் நம்பர் அடித்ததும் அது போனுக்குள்ளேயே பூட்டப்பட்டு (ஆப் கம்பெனிக்கே அது தெரியாது) வாடிக்கையாளரின் வங்கிக்குப் போகிறது. வங்கி சரிபார்த்துக் கணக்கில் கழிக்கிறது. கழித்தாயிற்று என்று மையத்துக்குச் சொல்கிறது. மையம் கடைக்காரரின் வங்கியிடம் வரவு வைக்கச் சொல்கிறது. அது வைத்தாயிற்று என்கிறது. மையம் இரண்டு பக்கத்துக்கும் முடிந்தது என்கிறது. அதன் பிறகுதான் சவுண்ட் பாக்ஸ் கம்பெனியின் சர்வருக்குத் தகவல் வந்து, அங்கிருந்து செல்போன் டவர் வழியாக, பெட்டிக்குள் இருக்கும் சிம் கார்டைத் தேடி வருகிறது. ஆமாம், அந்தப் பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கிறது. அது ஒரு பேட்டரியும் ஸ்பீக்கரும் வைத்த, யாரும் கூப்பிட முடியாத ஒரு செல்போன்தான். ஆகவே ஒரு முழம் தள்ளி நிற்பவரின் காசு எங்கெங்கோ இருக்கும் சர்வர்களைச் சுற்றிவிட்டுத்தான் பெட்டிக்கு வருகிறது. ஐந்து ரூபாய் ஷாம்பு பாக்கெட்டுக்கும் இதே சுற்றுதான்.

இந்தச் சுற்றில் கவனித்துப் பார்த்தால், பணத்தை நகர்த்துகிற செய்தி இரண்டே இரண்டு. கழி, வை. மிச்சம் எல்லாம் "உண்டா", "ஆச்சா", "ஆச்சு" வகையறா. இயந்திரங்களின் பேச்சில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கிறது.

பெட்டி வருவதற்கு முன்னால் சித்தப்பா வங்கி அனுப்பும் எஸ்எம்எஸ்ஸை நம்பியிருந்தார். எஸ்எம்எஸ் என்பது கிடைத்த இடத்தில் இறக்கி வைத்து, தோதுப்பட்டபோது அனுப்பிவிடும் ஏற்பாடு. எப்போது போய்ச் சேரும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் அனுப்பிய பணத்துக்கு எஸ்எம்எஸ் பட்டாசு வெடித்து முடிந்த பிறகு வரும். கூட்ட நேரத்தில் கண்ணாடியைத் தேடிப் போட்டு எஸ்எம்எஸ் படிக்க அவருக்கு நேரமில்லை என்பதால், வாடிக்கையாளர் போனை நீட்டினால் டிக்கைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்.

இதில்தான் ஓட்டை. அந்த டிக் வாடிக்கையாளரின் போன் சொல்வது. பழைய ஸ்கிரீன்ஷாட்டை நீட்டினாலும் அதே பச்சைதான், பணம் அனுப்பிய மாதிரியே திரை காட்டுகிற போலி ஆப்களும் புழக்கத்தில் இருக்கின்றன. கொடுக்க வேண்டியவனே "கொடுத்துவிட்டேன்" என்று சொல்வதை ரசீதாக எடுத்துக்கொள்ள முடியாது. வாங்குகிறவன் பக்கத்திலிருந்து, வேறு வழியாக, ஒரு ஒப்புதல் வந்தாக வேண்டும். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது இதற்காகத்தான். சவுண்ட் பாக்ஸ் செய்வதும் அந்த வேலையைத்தான், அதுவும் சத்தமாக, கடையில் நிற்கிற எல்லார் முன்னாலும். வாடிக்கையாளரின் போனை அது நம்புவதில்லை, அதனால்தான் அதற்குத் தனி சிம், தனிப் பாதை. சித்தப்பா இப்போது யார் போனையும் பார்ப்பதில்லை.

"அண்ணாச்சி, போயிருச்சு பாருங்க."

"பெட்டி சொல்லலையே தம்பி."

"அட, எனக்குக் காசு கழிஞ்சிருச்சு அண்ணாச்சி."

"கொஞ்சம் பொறுங்க, சொல்லிரும்."

ஒரு சாயங்காலத்தில் இந்த உரையாடலை எத்தனையோ தடவை கேட்கலாம். பெட்டி சொல்லும்வரை வாங்கியவர் நகர்வதில்லை, அவர் நகராமல் அடுத்தவர் முன்னால் வர முடிவதில்லை.

கணினி படிப்பவர்களுக்கு இரண்டு தளபதிகள் கதை தெரிந்திருக்கும். 1970-களின் நடுவில் ஒரு ஆய்வுக் கட்டுரையில் வந்தது, 1978-ல் ஜிம் கிரே என்ற கணினி ஆய்வாளர் எழுதியபோது இந்தப் பெயர் பிடித்துக்கொண்டது. இரண்டு குன்றில் இரண்டு படை, நடுப் பள்ளத்தாக்கில் எதிரி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இறங்கினால்தான் ஜெயிக்க முடியும். முதல் தளபதி "விடியலில் இறங்குவோம்" என்று ஆள் அனுப்புகிறான். அந்த ஆள் வழியில் மாட்டிக்கொண்டிருக்கலாம், ஆகவே பதில் வராமல் இறங்க முடியாது. இரண்டாமவன் "சரி" என்று பதில் அனுப்புகிறான். அந்தப் பதில் போய்ச் சேர்ந்ததா என்று இவனுக்குத் தெரியாது, ஆகவே இவனும் இறங்க முடியாது. பதிலுக்குப் பதில், அதற்கு ஒரு பதில் என்று எத்தனை ஆள் அனுப்பினாலும் கடைசியாகப் போனவன் சேர்ந்தானா என்ற சந்தேகம் ஒருவனுக்கு இருந்துகொண்டே இருக்கும். செய்தி தொலைந்துபோக வாய்ப்பிருக்கிற பாதையில் இரண்டு பேருக்கும் முழு நிச்சயம் என்பது நடக்கவே நடக்காது என்று இதை நிரூபித்தே காட்டியிருக்கிறார்கள். நெட் வேகம் கூடினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், 5ஜி வந்தாலும் 10ஜி வந்தாலும் இது அப்படியேதான் இருக்கும்.

அப்படியென்றால் இணையம் எப்படி ஓடுகிறது? முழு நிச்சயத்தைக் கைவிட்டுவிட்டு, போதுமான நிச்சயத்தோடு ஓடுகிறது. வின்ட் செர்ஃப், பாப் கான் என்ற இரண்டு கணினி ஆய்வாளர்கள் 1974-ல் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்தது டிசிபி, இணையத்தில் கணினிகள் பேசிக்கொள்ளும் முறை; அதில், பேச ஆரம்பிக்கும் முன் மூன்று செய்தி போய் வரும்: பேசலாமா, பேசலாம், சரி ஆரம்பிக்கிறேன். அப்புறம் ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு அனுப்பி, இந்த எண் வரை வந்துவிட்டது என்று அந்தப் பக்கம் சொல்லச் சொல்ல அடுத்ததை அனுப்புகிறது. குறித்த நேரத்துக்குள் ஒப்புதல் வராவிட்டால் மறுபடி அனுப்புகிறது. மறுபடி அனுப்பியது இரண்டாவது பிரதியாகப் போய்ச் சேர்ந்தாலும் எண் ஒன்றுதான் என்பதால் அந்தப் பக்கம் தூக்கிப் போட்டுவிடும். வீட்டு வைஃபையிலும் போனும் ரூட்டரும் ஒவ்வொரு துண்டுக்கும் இதே மாதிரி ஒப்புதல் வாங்கிக்கொண்டுதான் பேசுகின்றன. வாட்ஸ்அப்பில் ஒரு டிக் என்றால் சர்வர் வரை, இரண்டு டிக் என்றால் எதிராளி போன் வரை, நீலம் என்றால் அவர் கண் வரை. நீல டிக் விழுந்தும் பதில் வராத குடும்பச் சண்டைகளுக்கு இன்னும் எந்த முறையும் வரவில்லை.

"அதே எண், அதனால் தூக்கிப் போடு" என்பது யுபிஐயிலும் இருக்கிறது. ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் தனி அடையாள எண் உண்டு. நெட் விட்டு விட்டு வந்தாலும், ஆப்போ வங்கியோ அதே செய்தியைத் திரும்ப அனுப்பினாலும், எண் ஒன்றே என்பதால் இரண்டு தடவை கழியக் கூடாது. ஆனால் மனிதன் நடுவில் புகுந்தால் கதை மாறிவிடுகிறது. போன மாதம் ஒரு அம்மா 340 ரூபாய்க்கு ஸ்கேன் பண்ணினார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் நின்றவர் "ஆப்பை மூடிட்டு மறுபடி அடிங்கக்கா" என்றார். அடித்தார். இந்தத் தடவை உடனே போனது, பெட்டியும் சொன்னது. அவர் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கும் நேரத்தில் பெட்டி இன்னொரு தடவை "முந்நூற்று நாற்பது ரூபாய்" என்றது. முதலில் அடித்தது சாகவில்லை, மெதுவாக வந்துகொண்டிருந்தது. அவர் மூடித் திறந்து புதிதாக அடித்ததால் அது புது எண், புதுப் பரிமாற்றம். இயந்திரத்தைப் பொறுத்தவரை அந்த அம்மா இரண்டு தடவை சாமான் வாங்கியிருக்கிறார். சித்தப்பா கூப்பிட்டு ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு தடவை பேசியதே, பெட்டிதான் ஒரே வரவை இரண்டு தடவை சொல்லிவிட்டதோ என்று எனக்குத் தோன்றியது. ஸ்டேட்மென்டைத் திறந்து பார்த்தேன், உண்மையாகவே இரண்டு வரவு.

ஏன் அப்படி ஒரு சந்தேகம் என்றால், பெட்டி ஒரே வரவை இரண்டு தடவை சொல்வதும் நடக்கக்கூடியதுதான். இந்த மாதிரிச் சின்னச் சாதனங்கள் பேசப் பரவலாகப் பயன்படும் ஒரு முறை எம்க்யூடிடி. 1999-ல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க எழுதியது; குறைந்த பேட்டரி, விலை அதிகமான சிக்னல், அடிக்கடி அறுந்துபோகும் இணைப்பு என்று பாலைவனத்துக்காக யோசித்தது நம் ஊர் பஜாருக்கும் பொருந்திவிட்டது. அதில் செய்தி அனுப்புகிறவர் மூன்றில் ஒரு தரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: அதிகபட்சம் ஒரு தடவை, குறைந்தது ஒரு தடவை, சரியாக ஒரே ஒரு தடவை. முதலாவதில் செய்தி தொலையலாம். இரண்டாவதில் தொலையாது, ஆனால் இரட்டிக்கலாம். மூன்றாவதுக்குப் போக வர அதிகச் செய்தி வேண்டும், நேரம் ஆகும். கடைக்காரரிடம் கேட்டால் என்ன சொல்வார்? சித்தப்பாவிடம் கேட்டேன். "ரெண்டு தடவை சொன்னா தப்பில்லைலே, ஒரு தடவைகூட சொல்லாம இருந்தாத்தான் வம்பு" என்றார். அவர் சொன்னது இரண்டாவது தரம். பெரிய பெரிய கம்பெனிகளில் மணிக்கணக்காக மீட்டிங் போட்டு எடுக்கிற முடிவும் பெரும்பாலும் அதுதான்.

"மறுபடி அடிங்க" என்பது தனி மனிதருக்கு 340 ரூபாய்ப் பிரச்சினை. எல்லாரும் சேர்ந்து செய்தால் ஊரே படுத்துவிடும். 1986 அக்டோபரில் அமெரிக்காவில் பெர்க்லியில் 400 கஜ தூரத்தில் இருந்த இரண்டு இடங்களுக்கு நடுவே இணைய வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. பாதையில் நெரிசல், அதனால் ஒப்புதல் தாமதம், அதனால் எல்லாக் கணினியும் மறுபடி அனுப்பின, அதனால் இன்னும் நெரிசல். வான் ஜேக்கப்சன் என்பவர் உட்கார்ந்து யோசித்துக் கொண்டுவந்த தீர்வின் சாரம் ரொம்பச் சாதாரணமானது: பதில் வரவில்லையென்றால் வேகத்தைக் குறை, ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அதிக நேரம் பொறு. இன்று உங்கள் போனில் ஓடும் டிசிபிக்கும் அந்தப் பொறுமை பழக்கப்பட்டிருக்கிறது.

யுபிஐக்கு அந்தப் பொறுமை 2025 ஏப்ரல் 12 அன்று தேவைப்பட்டது. அன்று சனிக்கிழமை, நாடு முழுக்கப் பணம் போகாமல் நின்றது. பிறகு என்பிசிஐ சொன்ன காரணத்தைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். சில வங்கிகள் "அந்தப் பணம் போச்சா?" என்று நிலை கேட்கும் செய்தியை அளவுக்கு மீறி, பழைய பரிமாற்றங்களுக்கும்கூடத் திரும்பத் திரும்ப அனுப்பியதில் மையம் திணறிவிட்டதாம். பணம் அனுப்பும் செய்திகளை அது தாங்கும். 2025 ஆகஸ்ட்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிமாற்றங்களைச் செய்த மையம் அது, சராசரியாக நொடிக்கு 7,000-க்கும் மேல். போச்சா போச்சா என்ற நச்சரிப்பைத்தான் தாங்கவில்லை. அப்புறம் நிலை கேட்பதற்கும் கட்டுப்பாடு வந்தது, அந்த ஆகஸ்ட் முதல் ஒரு ஆப்பில் ஒரு நாளைக்கு 50 தடவைக்கு மேல் பேலன்ஸ் பார்க்க முடியாது என்றும் ஆனது. 50 தடவை பேலன்ஸ் பார்க்கிறவர் யார் என்று கேட்டால், எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார், பெயர் வேண்டாம்.

அந்தச் சனிக்கிழமை சித்தப்பா கடையில் பெட்டி வெகுநேரம் பேசவேயில்லை. பெட்டியில் சார்ஜ் இல்லையோ என்று ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினாராம். அதன் பிறகு வேறு கம்பெனிப் பெட்டி ஒன்றையும் வாங்கி வைத்தார். வேறு சிம், வேறு அட்டை. அதற்கும் மாதாமாதம் வாடகை. மையமே படுத்தால் இரண்டும் சேர்ந்தேதான் படுக்கும் என்று சொன்னேன், கேட்டுக்கொண்டார், ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை. அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கள் ஊரில் அடிக்கடி நடப்பது மையம் படுப்பதல்ல, டவர் படுப்பது. எந்தப் பெட்டிக்கு அன்றைக்கு சிக்னல் இருக்கிறதோ அதன் அட்டையை முன்னால் தள்ளி வைத்துவிடுகிறார். வங்கி டேட்டா சென்டரில் லட்சக்கணக்கில் செலவழித்து நாங்கள் செய்வதும் இதே காரியம்தான், இரண்டு வேறு கம்பெனிகளின் லைன்.

காசு கழிந்து, பெட்டி பேசாமலே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கை இருக்கிறது. கடைக்குச் செலுத்தியது கழிந்து, கடைக்கு உறுதி வராவிட்டால், பரிமாற்ற நாளுக்குப் பிறகு 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். ஆள் விட்டு ஆளுக்கு அனுப்பியது போய்ச் சேராவிட்டால் மறுநாளே. அதைத் தாண்டினால் தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும், நீங்கள் கேட்காமலேயே. ஆப்பில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்தால் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். வங்கியில் புகார் கொடுக்க அது போதும், ஸ்கிரீன்ஷாட்டெல்லாம் இரண்டாம் பட்சம். சித்தப்பாவும் தெரிந்த முகமாக இருந்தால் அந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைக் கடன் நோட்டில் ஆள் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டு, சாமானைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். தெரியாத முகம் என்றால், "ரொக்கமா இருக்கா தம்பி?" என்று கேட்கிறார்.